வண்டு கொடுத்த நற்சான்றிதழ்

வில்கமுவப் பக்கம் யானை வீட்டுக்கு வந்தால் முதலில் விழுவது நெல் மூட்டை இருக்கும் அறைச் சுவர். சுவரோடு கூரையும் இறங்கும். போன மாதம் ஒரு நண்பருக்கு அதுதான் நடந்தது. உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளுக்குப் பதில் வாங்க ஹெட்டிப்பொலவில் ஒரு கடைக்கு அவரோடு போனேன். வாசலில் கூரை வேலை செய்யும் ஒரு பாஸ், வாயில் வெற்றிலையும் கையில் கிரைண்டருமாக, சீட்டை அறுத்துக்கொண்டிருந்தார். மாவு மில் வாசல் மாதிரி இருந்தது இடம். முகத்தை மூடிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். பாஸ் பதில் சொல்லவில்லை, முதலாளி சொன்னார்: “மஹத்தயா, நீலந்தான் விஷம். இது வெள்ளை. முப்பது வருஷமா விக்கிறன், யாருக்கும் ஒண்டும் ஆகேல்ல.”

இந்த வெள்ளை மந்திரத்தை முதலாளி மட்டும் ஓதினால் விட்டுவிடலாம். பட்டம் படித்த பொறியியலாளரும் ஓதுகிறார், பாடசாலைக் கட்டடத்துக்குக் கூரை தெரிவு செய்யும் அதிகாரியும் ஓதுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளை, நீலம், பழுப்பு என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லா அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகப் புற்றுநோய்கள், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். ஹெட்டிப்பொல முதலாளிக்கு மட்டும் வேறு ஆய்வுகூடம் இருக்கிறது போலும்.

“யாருக்கும் ஒண்டும் ஆகேல்ல” என்பது இன்னும் அழகான வாதம். இந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் நோயாக வெளிவர 20 முதல் 40 வருடம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். அன்று கூரை போட்ட பாஸ் இன்று கிழவர். இருமினால் “எத்தனை பீடி குடிச்சீங்க?” என்று கேட்பார்களே தவிர, எத்தனை சீட் அறுத்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை, ஆகவே நோயும் இல்லை.

சரி, வெள்ளை பாதுகாப்பானது என்று இந்த நாட்டில் தீர்மானித்தது யார்? ஒரு வண்டு. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 இலிருந்து கட்டுப்படுத்துவோம் என்று மைத்திரிபால சிறிசேன அரசு அறிவித்திருந்தது. நமக்கு அதை விற்பதில் முதல் நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில் ரஷ்யா நமது தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டைக் கண்டுபிடித்து, தேயிலையை நிறுத்தியது. கப்ரா வண்டு தானியம் தின்னும் பூச்சி. அது தேயிலைக்குள் என்ன செய்தது என்று கேட்க நமக்கு நேரமிருக்கவில்லை. அமைச்சரவை அவசரமாகக் கூடி அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது, தேயிலைக்குக் கதவு திறந்தது. மருத்துவர்கள் வருடக்கணக்காகச் சொன்னது நிற்கவில்லை, வண்டு சொன்னது நின்றது. இனி யாராவது வெள்ளை நல்லது என்று சொன்னால், எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்காதீர்கள். எந்த வண்டு சொன்னது என்று கேளுங்கள்.

தேயிலைக்காக இவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்த அரசுக்கு, அந்தத் தேயிலையைக் கிள்ளும் பெண்ணின் நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்க 2021 வரை கால் நகரவில்லை. வண்டுக்கு உள்ள செல்வாக்கு அவளுக்கு இல்லை.

நட்டஈடு கேட்கலாமே என்பார்கள். 1924 இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் அஸ்பெஸ்டஸ் நூற்ற நெல்லி கெர்ஷோ என்ற பெண் 33 வயதில் நுரையீரல் கெட்டுச் செத்தாள். கொடுத்தால் முன்மாதிரி ஆகிவிடும் என்று டேர்னர் பிரதர்ஸ் கம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை. இந்தியாவில் 1995 இல் உச்ச நீதிமன்றம், அஸ்பெஸ்டஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும், நோய் உறுதியானால் ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. இங்கே 1934 இலிருந்து வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு முதலில் ஒரு எஜமான் வேண்டும். இன்று ஒரு வீடு, நாளை ஒரு கடை என்று ஓடும் பாஸுக்கு எஜமான் யார்? தனியாக வழக்குப் போடுவதென்றால் கால எல்லை பற்றிய 1871 ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 2 வருடம். நோய்க்கு முப்பது வருடம், வழக்குக்கு இரண்டு. யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை.

எஜமான் இல்லாத நோய் வில்கமுவவுக்குப் புதிதுமல்ல. சிறுநீரகம் பழுதாகி எத்தனை விவசாயிகள் போய்விட்டார்கள்! இன்றுவரை குற்றவாளி யாரென்று எவரும் உறுதியாக நிரூபிக்கவில்லை. தண்ணீர்தான் காரணமோ என்ற பயத்தில் அதைக் கேன் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் மனிதர், கிரைண்டர் புகையை இலவசமாக இழுக்கிறார்.

பல்லாண்டு இதைத் தோண்டி ஆசியாவுக்கு விற்ற கனடா, 2018 இல் தன் நாட்டில் தடை செய்துவிட்டது. கியூபெக்கில் அஸ்பெஸ்டஸ் என்றே பெயர் கொண்ட சுரங்க நகரம், வெட்கப்பட்டு 2020 இல் பெயரை மாற்றிக்கொண்டது. அங்கே வண்டு போகவில்லை.

பாஸ்மாரே, உடையாத கூரையைச் சீண்டாதீர்கள். அறுக்கத்தான் வேண்டுமென்றால் கிரைண்டரை வைத்துவிட்டு, நன்றாக நனைத்துக் கைவாளால் அறுங்கள். தூசிச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கணவனின் சட்டையை உதறித் துவைத்த பெண்களுக்கும் இதே நோய் வந்ததை 1965 இலேயே லண்டனில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை செய்த வீடுகளின் பெயரையும் வருடத்தையும் ஒரு கொப்பியில் குறித்து, கடைப் பில்லையும் அதற்குள் வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் நிற்க வேறு சாட்சி கிடைக்காது.