கற்கோட்டையும் மண்கோட்டையும்

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக் கடற்கரையில் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டு, பின்னர் நெடுங்காலம் பிரயாணிகள் விடுதியாக இருந்து, 1978-இல் மாநிலத் தொல்லியல் துறையின் வசமாகி, இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. கீழ்த்தளத்துப் பண்டகசாலைகளையும் சிறைக்கூடத்தையும் கடந்து மேலேறிக் கடலை நோக்கி நிற்கும்போது, மிளகை நாடி இத்தனை தூரம் வந்த ஒரு சிறு தேசத்தாரின் துணிவும் பேராசையும் ஒருங்கே மனத்தில் எழுகின்றன. அருகிலேயே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் ஆலயத்தின் பெரும்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. அந்நியர் கட்டிய கோட்டையைச் சிரத்தையுடன் காத்து வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதுவும் நம் சரித்திரந்தான்.

ஆயினும், தென்காசிச் சீமையைச் சேர்ந்த எனக்கு அங்கே நிற்கையில், பாளையக்காரர் பூலித்தேவரின் மண்கோட்டைகள் இருந்த நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் நினைவுக்கு வராமல் இல்லை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் செலுத்த மறுத்த அவரை அடக்க 1755-இல் ஆங்கிலேயக் கும்பினிப் படையுடன் கர்னல் ஹெரான் வந்தான். பின்னர் யூசுப்கான் வந்தான். 1767-இல் டொனால்டு காம்பெல் வந்தான். பீரங்கிக் குண்டுகளால் சுவரில் திறப்பு விழுந்தபோதெல்லாம், சுட்டு வீழ்த்தப்படுவதையும் பொருட்படுத்தாமல் வைக்கோலையும் பனையையும் கொண்டு அதை உடனுக்குடன் அடைத்த வாசுதேவநல்லூர் வீரர்களின் தீரத்தை, பகைவர் தரப்புக் குறிப்புகளே வியந்து பேசுகின்றன. பீரங்கியையும் தாங்கி நின்ற அந்த மண்சுவரைக் கட்டும் வித்தையைக் கற்றவர் யார், எவ்வாறு மண்ணைப் பிசைந்தனர் என்பன நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க பாடங்கள் அல்லவா? ஆனால் 1801-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாளையக்காரர் கோட்டைகளைத் தரைமட்டமாக்குவதைக் கும்பினியார் தம் கொள்கையாகவே கொண்டனர். கடல் வழியே வந்தவர்களின் கல் நிலைத்தது; இந்த மண்ணில் பிறந்தவர்களின் மண்சுவர் கரைந்தது.

நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது, அது போற்றத்தக்கது. குற்றாலத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் சாரலை நாடி வரும் பெருந்திரளோ பேரருவியில் நீராடி, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறது. கோட்டையே இல்லாத இடத்தில் எதைக் காட்டுவது என்று சிலர் கேட்பர். தானே நிற்கும் கற்கோட்டைக்குக் காவற்காரன் போதும். கரைந்துபோன மண்கோட்டைக்குத்தான் அருங்காட்சியகம் அவசியம். அகழ்வைப்பகத்தில் ஒரு மண்டபத்தைப் பாளையங்களுக்கென ஒதுக்கி, உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டே பழைய முறைப்படி ஒரு சுவரை எழுப்பி, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கும்பினிக் கடிதங்களின் பிரதிகளை அதனருகே வைக்கலாம். பூலித்தேவரின் தளபதிகளான ஒண்டிவீரனையும் வெண்ணிக் காலாடியையும் பற்றிக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லும் வாய்மொழிக் கதைகளைத் தாமதமின்றிப் பதிவு செய்தாக வேண்டும்; காகிதத்தில் இல்லாத பாதி அவர்களிடந்தான் இருக்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்திலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூருக்கும் நெற்கட்டும்செவலுக்கும் தினந்தோறும் ஒரு சுற்றுலாப் பேருந்து விடுவது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. இவ்வாண்டுச் சாரலிலேயே அதைத் தொடங்கலாம்.