எரிவாயு உலை வரட்டும்! சுமை யார் தலையில்?

நிலக்கரிப் புகை வேண்டாம், பர்னஸ் ஆயில் நாற்றம் வேண்டாம், இரும்புக்குப் பதமேற்றும் உலைகளையெல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுங்கள் என்று எரிவாயுக் கம்பெனிகளும் உலை விற்பவர்களும் பட்டறைக்குப் பட்டறை முழங்கி வருகிறார்கள். செலவு குறையுமாம். சரக்கின் தரம் உயருமாம். ஊர்க் காற்றும் சுத்தமாகுமாம்.

அவர்கள் போடும் கணக்கில் உலை இருக்கிறது, பர்னர் இருக்கிறது, முதலாளிக்கு மிச்சமாகும் பணம்கூட இருக்கிறது. உலையின் முன்னால் வெந்து நிற்கும் தொழிலாளி இல்லை. குழாய் புதைந்த வயலில் களை பறிக்கும் கூலிப் பெண்ணும் இல்லை. விட்டுப்போன இந்த இரண்டு பேரின் கணக்கையும் நாம் எழுதிப் பார்ப்போம்.

நாம் உலைக்கு எதிரியா?

அல்லவே அல்ல. கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதை நம்மில் பார்க்காதவர் யார்? அந்தத் தொழில்தான் இன்று ஹீட் ட்ரீட்மெண்ட் என்ற பெயரில் பெரிதாக நடக்கிறது. பல் சக்கரம், மோட்டார் பம்ப்பின் தண்டு, நூற்பாலையின் ஸ்பிண்டில், ரிங் எல்லாம் 850 டிகிரியும் அதற்கு மேலும் காய்ந்து, எண்ணெயில் தோய்ந்து, மறுபடி மிதமான சூட்டில் முறுக்குத் தணிந்துதான் வெளியே வருகின்றன. பதமில்லாத இரும்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆலையும் ஓடாது, பம்ப்பும் ஓடாது.

இந்த வேலைக்கு எரிவாயு நல்ல எரிபொருள்தான். சூட்டை நினைத்த அளவில் நிறுத்தலாம். சாம்பல் அள்ள வேண்டாம். கந்தகப் புகை இல்லை என்றே சொல்லலாம். அதே சூட்டுக்கு நிலக்கரி கக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. பர்னஸ் ஆயிலோடு பார்த்தால் கால் பங்கு குறைகிறது. 900 டிகிரியில் ஓடும் பழைய உலையில் எரிபொருளின் சூட்டில் பாதியளவு புகைபோக்கி வழியே வீணாகப் போகிறது. போகும் அந்தச் சூட்டைப் பிடித்து, பர்னருக்கு வரும் காற்றைக் காய்ச்சும் கருவியை வைத்தால், எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமாகும்.

இன்னொன்றும் உண்டு. எரிவாயு எரிக்க மட்டுமல்ல. அதைக் காற்றோடு கலந்து நிக்கல் வழியே சூடாகச் செலுத்தினால் வரும் வாயுவிலிருந்து இரும்பின் மேல்தோலுக்குக் கரி ஏறுகிறது. இதுவே கார்பரைசிங். இதே காரியத்துக்குச் சயனைடு உப்புத் தொட்டியில் இரும்பை முக்கும் முறையும் உண்டு. சயனைடு என்றால் நஞ்சு. அந்தத் தொட்டியின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியை அதிலிருந்து விடுவிக்கும் எந்த யந்திரத்தையும் நாம் கைதட்டி வரவேற்போம்.

எனவே, புதிய உலைக்குப் பணமில்லை என்று கைவிரித்துவிட்டுப் பழைய புகையிலேயே ஆட்களை வேகவைக்கும் முதலாளியின் கட்சியில் நாம் இல்லை. லாபம் அவருக்கு, புகை நமக்கா? இது என்ன நியாயம்?

கண்ணுக்குத் தெரியாத எமன்

ஆனால் சுத்தம், சுத்தம் என்கிறார்களே, அது யாருக்கு? கார்பரைசிங் உலைக்குள் இருக்கும் வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கசிந்தால் மயக்கம் வரும், பிறகு உயிர் போகும். உலை 760 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது இந்த வாயுவைத் திறந்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்றோடு சேர்ந்து வெடிக்கும்.

கசிவைக் காட்டும் கருவி, நல்ல காற்றோட்டம், முறையான பயிற்சி, தானாக அடைக்கும் வால்வு ஆகியவை இருந்தால் இந்த ஆபத்தைத் தடுக்க முடியும். அந்தச் செலவு வீண் செலவு என்று முதலாளி நினைத்தால்? நேற்று சேர்ந்த காண்ட்ராக்ட் கூலியிடம் வால்வைத் திருப்பச் சொன்னால்? புகை போய்விட்டது என்பதால் ஆபத்தும் போய்விட்டது என்று ஏமாறக் கூடாது தோழர்களே!

மிச்சம் யாருக்கு?

எரிபொருள் மிச்சமாகும். கரி அள்ளியவர், சாம்பல் வாரியவர் வேலையும் சேர்ந்தே மிச்சமாகும்! அவர் எங்கே போவார்?

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க, ஆக்ரா வட்டாரத்தில் கரியெரித்த 292 தொழிற்கூடங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் வேறிடம் போக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 30இல் தீர்ப்பளித்தது. வேறிடம் போகும் கூடத்தின் தொழிலாளிக்கு வேலைத் தொடர்ச்சி, மூடியிருக்கும் காலத்துக்கு முழுச் சம்பளம், இடம் பெயர்வதற்கு ஓராண்டுச் சம்பளம் போனஸ் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பளிங்குக் கல்லைக் காக்கப் போட்ட உத்தரவிலேயே தொழிலாளியின் சம்பளத்துக்கு இடம் இருந்தது. நம்முடைய பட்டறைகளில் உலை மாறும்போது அந்த இடம் ஏன் இருக்கக் கூடாது?

குழாயின் மறுமுனை

பட்டறைக்கு வரும் எரிவாயு ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. வயல் வழியே வருகிறது. கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் கெயில் குழாய்க்காகக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் நிலம் கேட்டார்கள். விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் மாநில சர்க்கார் சொன்னது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிக் கெயிலுக்கு வழிவிட்டது.

1962ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நிலம் உழவன் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போன பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. அந்த உரிமைக்கு விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு! அதுவும் நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்குத்தான். தென்னை போனால் மரமேறுபவருக்குக் கூலி போயிற்று, தேங்காய் உரிப்பவருக்குக் கூலி போயிற்று. அவர்களுக்கு என்ன? வெறுங்கை!

உயிருக்காவது உத்தரவாதம் உண்டா? 2014 ஜூன் 27இல் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து தீப்பிடித்தது. விடியற்காலையில் பலர் கருகி மாண்டார்கள். குழாயைப் புதைத்ததோடு கடமை முடிந்தது என்பவர்களுக்கு அந்தச் சாம்பலே பதில்.

விலை ஏறினால்?

நம் நாடு எரிக்கும் எரிவாயுவில் பாதியளவு அயல்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதை இறக்கத்தான் 2019இல் எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளும் முனையம் திறந்தார்கள். 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் உலகச் சந்தையில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. எங்கோ வெடித்த குண்டு இங்கே பட்டறையின் பில்லில் விழுகிறது. விலை இறங்கினால் லாபம் முதலாளிக்கு. விலை ஏறினால் லே-ஆப் தொழிலாளிக்கு. இந்தக் கணக்கை நாம் ஒப்ப முடியாது.

நாம் கேட்பது

1. உலை மாறுவதால் ஒருவருக்கும் வேலை போகக் கூடாது. மாற்றும் நாட்களுக்கு முழுச் சம்பளம் வேண்டும். புதிய உலையில் பழைய தொழிலாளிக்கே பயிற்சி கொடுக்க வேண்டும்.

2. கசிவைக் காட்டும் கருவியும் தானாக அடைக்கும் வால்வும் இல்லாத உலைக்கு லைசென்ஸ் கூடாது. பரிசோதனையில் தொழிலாளர் பிரதிநிதி உடனிருக்க வேண்டும்.

3. எரிபொருள் மிச்சத்தில் ஒரு பங்கு கூலியில் சேர வேண்டும். எரிவாயு விலையைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது.

4. குழாய் சாலையோரம் போகட்டும். வயலில் போயே தீர வேண்டிய இடத்தில் நியாயமான நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும்.

இவை எட்டாத கனியல்ல. ஆனால் தானாகப் பழுத்து விழும் கனியும் அல்ல. குழாயின் ஒரு முனையில் வயல். மறு முனையில் உலை. அங்கே நிற்பவரும் உழைப்பாளி, இங்கே நிற்பவரும் உழைப்பாளி. வயலில் நிற்பவர் வளர்ச்சியின் எதிரி என்று ஆலைத் தொழிலாளியிடம் சொல்வார்கள். ஆலைக்காரனுக்காகத்தான் உன் நிலம் போகிறது என்று வயலில் சொல்வார்கள். இருவரையும் மோதவிட்டு நடுவில் இருப்பவர் லாபத்தை எண்ணுவார்.

அதற்கு இடம் கொடுக்காதீர்கள்! சங்கக் கூட்டத்திலும் கிராமத்துத் திண்ணையிலும் இந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். எரிவாயு உலை வரட்டும். அதன் சுமையை லாபம் எடுப்பவர் சுமக்கட்டும்!