விலைச் சீட்டில் முழு விலை



அண்மையில் ஓர் உணவகத்தில் கண்ட காட்சி நெஞ்சை விட்டு அகலவில்லை. கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் உண்ண வந்திருந்தார். விலைப்பட்டியலைப் பார்த்து, மனத்துக்குள் கூட்டிக் கூட்டி, 480 ரூபாய்க்குள் அடங்குமாறு உணவு வரவழைத்தார். கல்லாவில் கொடுத்த ரசீதிலோ 504 ரூபாய்! ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. 24 ரூபாய் சேர்ந்திருந்தது. அவர் கையிலிருந்தது ஒரே ஒரு 500 ரூபாய்த் தாள். நான்கு ரூபாய்க்காகப் பிள்ளைகளின் கண்ணெதிரே அவர் தலைகுனிந்து நின்றார். 'வரி தனி' என்னும் சொற்கள் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தன.

வரியே கூடாது என்பதன்று நம் வாதம். விற்பனை வரி நமக்குப் புதிதுமன்று. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, 1939-இல் இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் அதனைக் கொண்டுவந்தது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடப்பிலுள்ளது. அந்த வரியை விலைச் சீட்டிலேயே அடக்கிக் காட்டுவதா, கல்லாவில் கூட்டுவதா என்பதே கேள்வி.

பொட்டலப் பொருள்களில் ஒரு காலத்தில் 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிட்டிருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று 'அனைத்து வரிகளும் உட்பட' என்றே அதிகபட்ச விலை அச்சிடப்படுகிறது. கடைக்காரர் அதற்கு மேல் வரி கேட்க இயலாது. பரிமாறப்படும் உணவு முதலியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கல்லாவில்தான் வரி கூட்டப்படுகிறது. அங்கே கலிபோர்னியாவின் ஒரு கடையில் சில பொருள்களுக்கு மட்டும் வரி சேர்த்த விலையையும் எழுதி ஒட்டிப் பார்த்தனர். அப்பொருள்களின் விற்பனை சுமார் எட்டு விழுக்காடு குறைந்தது என 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வரி கூடவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவே! அப்படியானால் கண்ணில் படாதபோது வாங்கியவர்கள், தாம் எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்று எண்ணிப் பாராமலே வாங்கினார்கள் என்றுதானே பொருள்?

'வரியை விலைக்குள் மறைத்தால் அரசு எவ்வளவு எடுக்கிறது என்பது மக்களுக்குத் தெரியாதே' என்பர் சிலர். நியாயமான கவலையே. சீட்டில் முழு விலையும், ரசீதில் வரி தனியாகவும் இருந்தால் இரண்டும் தெரிந்துவிடும். 'அடுத்த கடைக்காரர் குறைத்து எழுதும்போது நான் மட்டும் கூட்டி எழுதினால் வியாபாரம் என்னாவது?' என்பது வணிகரின் கவலை. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே விதி தேவைப்படுகிறது. ஜப்பான் 2004-இல் அவ்விதியைக் கொண்டுவந்தது. இடையில் தளர்த்தி, 2021 ஏப்ரல் முதல் மீண்டும் கட்டாயமாக்கிற்று.

வியாபாரம் முடியுமுன் விற்பவரும் வாங்குபவரும் விலையைத் திட்டமாக அறிந்திருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் பயின்றோர் அறிந்த பாடம். வாசகர்களில் வணிகம் செய்வோர் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே முழு விலையை எழுதி வைக்கலாம். வாங்குவோர், அமருமுன் 'வரியும் சேர்த்தா?' என்று கேட்கக் கூச்சப்படவேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில் பதிந்துள்ள சிறு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியே வசூலிக்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணிச் செலவழிக்கும் ஏழைக்கு நான்கு ரூபாய் சிறு தொகையன்று. அதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது வணிகருக்குச் சிரமமுமன்று.