நாஞ்சில் நாடு தனிநாடாயிருந்ததோ?

சில திங்களுக்கு முன் நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றில், நாஞ்சில் நாடு பண்டு யாருக்கு உரியது என்னும் வினா எழுந்தது. பாண்டியர்க்கு உரியது என்றார் ஒரு மாணவர். சேரர்க்கே என்று சாதித்தார் மற்றொருவர். மூன்றாமவர் எழுந்து, "எவர்க்கும் உரியதன்று, அது என்றும் தனியரசாகவே இருந்தது" என்று முழங்கவே மன்றம் கரகோஷத்தால் அதிர்ந்தது. தம் ஊர் ஒருவர்க்கும் தலைவணங்கியதில்லை என்று கேட்பதில் யாருக்குத்தான் உவகையில்லை? நடுவராய் அமர்ந்திருந்த யானும் உள்ளூர மகிழ்ந்தேன்; அதனை ஒளிப்பானேன்? ஆயின் அன்றிரவு ஆதாரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபொழுது அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதையே ஈண்டு எழுதலுற்றேன்.

தனியரசுக் கட்சியார் முதற்கண் எடுத்துக் காட்டுவது புறநானூறு. நாஞ்சில் மலைக்குத் தலைவனாகிய வள்ளுவனை ஔவையார், மருதன் இளநாகனார், ஒருசிறைப் பெரியனார், கருவூர்க் கதப்பிள்ளை ஆகியோர் பாடியுள்ளனர். கீரைக்கறிக்குச் சிறிது அரிசி வேண்டியவர்க்குக் குன்றன்ன களிறு ஒன்றை அளித்துவிட்ட அவனை, 'அறியாதவன்' என்று ஔவையார் செல்லமாக ஏசுகின்றார். இத்துணைப் பெருமிதமுடையான் பிறர்க்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்திருப்பனோ என்று நம் நண்பர்கள் கேட்பர். வாழ்ந்தான் என்றே விடை கூற வேண்டியிருக்கின்றது. இளநாகனாரின் பாட்டொன்று, தன் வேந்தன் பொருட்டுச் சாகவும் அஞ்சாதவன் என்று அவனைப் புகழ்கின்றது. ஆகவே அவன் தலைக்கு மேலும் ஒரு வேந்தன் இருந்தான். அவ்வேந்தன் பாண்டியனோ சேரனோ என்பதிலேதான் இன்றளவும் பூசல்.

அடுத்து ஆய் மன்னரை அழைப்பர். யவன ஆசிரியர் தாலமி குமரியையும் கோட்டியாரா என்னும் ஊரையும் ஆய் நாட்டில் வைத்து எழுதினார். கோட்டியாரா என்பது நம் கோட்டாறே எனப் பலர் கொள்வர். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூர் முறைப்படி ஒரு சாலையை நிறுவியதற்குச் செப்பேடு உண்டு. ஆய் குலம் தனித்தன்மை உடையதே. ஆயினும் ஒருபுறம் பாண்டியரும் மறுபுறம் சேரரும் நெருக்க, அது பெற்ற தனிமை எத்தனை ஆண்டுக்குரியது என்று கூறுவார் யாவர்? பின்னர்ச் சோழர் வந்தனர். கோட்டாறு சோழர் படைநிலையாயிற்று. குமரிமுனைக் கோயிலில் வீரராசேந்திரன் தன் குலவரலாற்றையே கல்லில் வெட்டுவித்தான். அவர்க்குப் பின் வேணாட்டார்.

சுசீந்திரம் கோயிலுக்குச் சென்று வருவோர் தாணுமாலயனைத் தொழுதபின் சற்றுச் சுவர்களையும் நோக்குவாராக. பாண்டியன் ஆட்சியாண்டு ஒரு கல்லில், சோழன் ஆட்சியாண்டு மற்றொரு கல்லில், வேணாட்டரசர் கொல்லம் ஆண்டு பிறிதொரு கல்லில். அக்கோயிலைப் பற்றி 1953-ஆம் ஆண்டு ஒரு பெருநூல் வெளியிட்ட கே. கே. பிள்ளை அவர்களின் ஆராய்ச்சியைக் கற்போர்க்கு இது புதிதன்று. வழக்காட வருவோர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கல்லை மட்டும் படித்துவிட்டு ஏனையவற்றுக்கு முதுகு காட்டுவதே வியப்பு. எல்லைநாட்டின் இயல்பு இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தவர் எவரும் வயலையும் குளத்தையும் கண்டு விடார், வந்தவன் வரி கேட்பான், அவன் போனபின் பழையவன் வந்து, "அவனுக்குக் கொடுத்தாயே, எனக்கு எங்கே?" என்பான்.

இவ்விரட்டை வரியின் கொடுமை 17-ஆம் நூற்றாண்டில் உச்சத்தை அடைந்தது. மதுரை நாயக்கர் படை கணவாயைக் கடந்து வருவதும், கணியாகுளத்தில் இரவிக்குட்டிப்பிள்ளை பொருது மடிந்ததும் நம் வில்லுப்பாட்டுக் கலைஞர் பாடக் கேட்டவையே. வேணாட்டரசரோ காக்கவும் வலியிலர், வரியை விடவும் மனமிலர். அந்நிலையில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாஞ்சில் நாட்டு நாட்டார் கூட்டங்கூடி, வழக்கமில்லா வரிகளைக் கொடுப்பதில்லை என்று ஒருமுகமாகத் தீர்மானித்தனர். இச்செய்தி அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளால் விளங்குவது. அவ்வோலைகளைத் தேடி ஆராய்ந்து உலகறியச் செய்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள். கவிதைக்காக அவரைப் போற்றுவோர் பலர். இவ்வாராய்ச்சிக்காகப் போற்றுவோர் சிலரே.

என் கருத்தில், நாஞ்சில் நாட்டின் சுதந்திர உணர்ச்சிக்குச் சான்று வேண்டுமாயின் வள்ளுவன் களிற்றைக் காட்டிலும் இந்நாட்டார் தீர்மானம் வலியது. அரசனுக்கும் ஓர் அளவு உண்டு என்று குடிகள் கூறிய இடம் அது. ஆயினும் அதனையும் முழுமனத்தோடு கொண்டாட என்னால் இயலவில்லை. அதே குடும்பத்து ஓலைகளுள் ஆள் விற்ற ஓலைகளும் உள. மனிதரை நெல்லும் பணமும் போல் கைமாற்றியிருக்கின்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-ஆம் ஆண்டுப் பிரகடனத்தால்தான் ஒழிந்தது. நம் பாட்டிமாரின் முன்னோர் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. கூட்டங்கூடிய நாட்டார் 'எங்கள் நாடு' என்றபொழுது வயலில் நின்றவனை அவர்கள் எண்ணியிருப்பார்களா? சொற்போரில் இவ்வினாவை ஒரு மாணவரும் எழுப்பவில்லை. அவர்க்குப் பாடம் சொல்லிய நாமும் எழுப்பவில்லை.

பழங்கதை இவ்வாறிருக்க, அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், பிரிட்டிஷ் மேலாண்மை நீங்கியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் அறிவித்தார். ஜின்னாவின் பாகிஸ்தானுக்குப் பிரதிநிதி ஒருவரையும் நியமித்தார். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909-இல் கண்டறியப்பட்ட மோனசைட்டு மணலும், அதிலுள்ள தோரியமும் அவர் தைரியத்துக்கு ஒரு காரணம். அணுவின் ஆற்றலை உலகம் அறிந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றதும், 1750-இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்ததும், தனியரசு வாதத்துக்கு அணிகலன்களாயின. எவர்க்கும் பணியாத நாடு என்பதே பல்லவி.

பணியாத நாடா? 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் கும்பினிக்கு ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் செலுத்தவும், உள்நாட்டு ஆட்சியிலும் கும்பினியின் ஆலோசனையைக் கேட்டு நடக்கவும் இசைந்தது. அவ்வுடன்படிக்கைக் காலத்துத் தளவாய், நம் தலக்குளத்து வேலுத்தம்பி. நான்காண்டு கழித்து அவரே கும்பினியை எதிர்த்துக் கிளர்ந்தார். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வீழ்ந்தது. மார்ச்சில் அவர் மாண்டார். திவானுடைய வழக்கறிஞர் மூளைக்கு இவையெல்லாம் தெரியாதனவல்ல. சட்டத்தின்படி அவர் வாதத்தில் சிறிது வலிமையும் இருந்தது. மேலாண்மை நீங்கினால் அதிகாரம் சமஸ்தானங்களுக்கே மீளும் என்பதை ஆங்கில அரசே ஒப்பியிருந்தது. அவர் மறந்தது, சமஸ்தானம் என்பது அரசரும் திவானும் மட்டும் அன்று என்பதையே. குடிகளை ஒருவரும் கேட்கவில்லை. ஜூலை 25-ஆம் நாள் அவர் வெட்டுண்டு உயிர் தப்பினார். ஐந்து நாளில் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். ஆகஸ்டில் திவான் ஊர்விட்டு நீங்கினார். வன்செயலை யான் ஒப்புகிறேனல்லேன். ஆயினும் நூற்றாண்டுகளின் பெருமையை அடுக்கிக் கட்டிய மாளிகை இரண்டு திங்களும் நிற்கவில்லை.

இதற்குள் ஒரு விநோதம். தனித் திருவிதாங்கூரை எதிர்த்து நின்ற பட்டம் தாணு பிள்ளையே 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், தமிழ் வட்டங்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டுமென நேசமணி தலைமையிலான இயக்கத்தார் கிளர்ந்தபொழுது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிகள் வெடித்து உயிர்கள் மடிந்தன. நாட்டைப் பிரிக்கலாகாது என்னும் வாதம் அப்பொழுதும் வரலாற்றின் உடையை அணிந்து வந்தது. நம்மவருள்ளும் சிலர் பாண்டியன் கல்வெட்டைக் காட்டி மறுமொழி உரைத்தனர். அது வேண்டாத வேலை. சோழன் கல்லைக் காட்டி இலங்கையையும் கேட்கலாமே! 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன் வள்ளுவனையும் வீரராசேந்திரனையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. இன்று வாழும் மக்கள் பேசும் மொழியையும் அவர்தம் விருப்பத்தையும் நோக்கியே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லிற்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் பிறந்தது. தேவிகுளமும் பீருமேடும் வாராமை பற்றிய மனக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. அங்கும் பழஞ்சாசனத்தினும் தோட்டத் தொழிலாளியின் குரலே கேட்கத் தக்கதாயிருந்தது என்பேன்.

மேனாட்டிலும் இத்தகைய பூசல் உண்டு. 1870-இல் ஜெர்மானியர் அல்சாசு நாட்டைக் கைப்பற்றியபொழுது, உரோம வரலாற்றில் வல்ல மாம்சன் என்பார், மொழியாலும் இனத்தாலும் அது ஜெர்மனியின் உடைமை என்றார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பூஸ்தல் தெ கூலாஞ்சு, அந்நாட்டு மக்கள் இன்று எதனை விரும்புகின்றனர் என்பதே கேள்வி என்று விடை பகர்ந்தார். பழமையை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர், பழமை இவ்வழக்கைத் தீர்க்காது என்று கூறியது நோக்கத் தக்கது.

சொற்போர் முடிவில் யான் வெற்றி தோல்வி கூறாது நழுவிவிட்டேன். மாணவர்க்கு அது ஏமாற்றமே. இப்பொழுது கூறுகின்றேன்: தனியரசு என்று முழங்கிய மாணவர் சொல்வன்மையால் வென்றார், சான்றால் தோற்றார். அவரும் அவரோடு வாதிட்ட இருவரும் முதலியார் ஓலைகளை, ஆள் விற்ற ஓலை உட்பட, ஒருமுறை படித்துவிட்டு வரும் ஆண்டு மீண்டும் மேடையேற வேண்டுகின்றேன். நடுவராக வேறொருவரை அமர்த்துவார்களாக. கேட்போர் வரிசையில் யான் இருப்பேன்.