ஒரு சோறு பதம் போதுமா?

2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பசித்துக் களைத்து வந்த வழிப்போக்கனை அன்னமய்யா பசியாற்றுகிற கட்டம். நல்ல காரியம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் என்ன பொருத்தம் என்று கேள்வி. கம்பத்திலும் போடியிலும் நம் பிள்ளைகள் கைடைத் திறந்து விடையை உருப்போட்டார்கள். அந்தக் கிராமத்தைச் சுதந்திரப் போராட்டம் வந்து தொடுகிற கதையெல்லாம் முழு நாவலில் அல்லவா இருக்கிறது? முழு நாவல் வகுப்புக்குள் நுழையவே இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் கனவான்கள். பதம் பார்ப்பது சமைக்கிறவன் வேலை. பசித்தவனுக்கு ஒரு சோறு போதுமா?

“நாவலை வீட்டில் படிக்கட்டும், பள்ளிக்கூட நேரத்தை வீணாக்காதே” என்று இன்னொரு கூப்பாடு. யார் வீட்டில்? கூடலூரிலும் கம்பத்திலும் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் நம் பெண்கள். திரும்ப அந்தியாகிறது. அதுவரை தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்ப்பதும் உலை வைப்பதும் மூத்த பெண்பிள்ளை. அவள் எந்த அறையில், எந்த நேரத்தில் நாவல் படிப்பாள்? வகுப்பில் படித்தால்தான் உண்டு.

சேர்ந்து படிப்பது ஏழைக்குப் புதிதல்ல. சாவடியில் ஒருவர் பாரதம் படிக்க, எழுத்தறியாத ஊரே உட்கார்ந்து கேட்டது. கியூபாவில் 1865-இல் சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, வேலை நேரத்தில் உரக்கப் படித்துக்காட்ட ஆள் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது! தனித்தனியே படிக்கிறவர்களைக் கண்டு அது பயப்படவில்லை. கூடிப் படித்துக் கூடிப் பேசுகிறவர்களைக் கண்டு பயந்தது.

ஆண்டிபட்டி, சக்கம்பட்டி நெசவாளர் பிள்ளைகள் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவலை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கட்டும். 1953-இல் வந்த அந்தக் கதை கைத்தறிக்காரர் கதை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாத்தியார் விளக்கவே வேண்டாம், அவனே வாத்தியாருக்கு விளக்குவான். 1959-இல் திறந்த வைகை அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களைப் பற்றியது வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. 2003-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அதன் எல்லா வரிக்கும் நாம் கையெழுத்துப் போடவில்லை. அணை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அணையால் யார் வாழ்ந்தார்கள், யார் விலை கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் வகுப்பில் அடித்துப் பேசட்டும். கைடில் விடை இல்லாத கேள்வி அது.

“பணம் எங்கே?” என்பார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள் மக்கள். ஒரே நாவலில் இருபது பிரதி வாங்கி, கிளை நூலகம் பள்ளிக்கூடங்களுக்கு முறைவைத்துக் கொடுக்கட்டும். வாரம் இரண்டு பீரியடு வேண்டும். கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கக் கூடாது. அந்த நாவலில் பரீட்சையும் வைக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கையை எழுப்பப் போகிறோம். தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களும் வந்து பேச வசதியாக, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லுங்கள், தோழர்களே.