சாவித்திரிக்கு இருந்த வாய்!

காரடையான் நோன்பு வந்தால் அடை தட்டி, வெண்ணெய் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக் கொள்கிறோம். சாவித்திரி கதையும் சொல்கிறோம். ஆனால், பல வீடுகளில், 'அவ பதிவிரதை, விரதம் இருந்தா, புருஷன் உயிர் திரும்பி வந்துச்சு' என்று இரண்டே வரியில் கதை முடிந்து விடுகிறது. எமதர்மனையே மடக்கிய அவளது பேச்சை யாரும் சொல்வதில்லை!

இதே கதையை லண்டனில் ஒருவர் எப்படி ரசித்திருக்கிறார் தெரியுமா சகோதரிகளே? குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்பவர், அங்கே பெண்கள் பள்ளியில் சங்கீத வாத்தியாராக இருந்தவர். நம் புராணங்கள் மேல் உள்ள ஆசையில் சமஸ்கிருதமே படித்தார். 'சாவித்திரி' என்ற பெயரிலேயே ஓர் இசை நாடகம் எழுதினார். 1916ல் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியது.

மேல்நாட்டு இசை நாடகம் என்றாலே பெரிய மேடை, பெரிய வாத்தியக் கோஷ்டி என்று நினைப்போம். இதற்கு வாசிப்பவர்கள் 12 பேர்தான். புல்லாங்குழல் இரண்டு, ஓபோ வகைக் குழல் ஒன்று, மற்ற ஒன்பதும் வயலின் குடும்பத்து வாத்தியங்கள். பாத்திரங்களும் மூன்றே. சாவித்திரி, சத்தியவான், மரணம். பின்னால் சில பெண்கள், வார்த்தையே இல்லாமல் குரல் மட்டும் கொடுக்கின்றனர். அரைமணி நேரத்தில் முடிந்து விடுகிறது. தோட்டத்தில் கூட நடத்தலாமாம்!

என் மகள் இதை செல்போனில் போட்டுக் காட்டினாள். எடுத்த எடுப்பில் வாத்தியமே கிடையாது. தூரத்திலிருந்து மரணத்தின் குரல் மட்டும் வருகிறது. பாஷை புரியாவிட்டாலும் உடம்பு சிலிர்த்துப் போச்சு!

இதில் சாவித்திரி அழுது புரளவில்லை. வந்த மரணத்தை மரியாதையாக வரவேற்கிறாள். மனம் குளிர்ந்து, 'புருஷன் உயிரைத் தவிர எது வேணும்னாலும் கேள்' என்கிறது மரணம். 'எனக்கு வாழ்வு கொடு' என்று தனக்காகக் கேட்கிறாள். கொடுத்த பின், 'அவர் இல்லாமல் அது எப்படி வாழ்வாகும்?' என்று மடக்குகிறாள். வாக்குக் கொடுத்த மரணம், தோற்றுத் திரும்புகிறது.

கிரேக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. செத்துப்போன மனைவியை மீட்க, ஆர்ஃபியூஸ் என்பவன் பாட்டுப் பாடியே பாதாளம் வரை போனான். 'திரும்பிப் பார்க்காதே' என்ற நிபந்தனையை மறந்து, அவளை மறுபடி இழந்தான். 1607லேயே இத்தாலியில் மான்டிவெர்டி இதை இசை நாடகம் ஆக்கிவிட்டார். அவன் பாட்டால் முடியாததை, நம்ம சாவித்திரி பேச்சால் சாதித்தாள்!

'வெள்ளைக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?' என்று கேட்கலாம். வேண்டாமே! மகாபாரதத்திலேயே, எமன் பின்னால் நடந்து கொண்டே, தர்மம் பேசிப் பேசித்தானே ஒவ்வொரு வரமாக வாங்குகிறாள்? மாமனாருக்குப் பார்வை, ராஜ்யம், கடைசியில் கணவன் உயிர். எல்லாமே நாவன்மைக்குக் கிடைத்த பரிசு.

ஆனால், பெண் பிள்ளை நியாயமாக ஒரு கேள்வி கேட்டால், 'பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது' என்று அடக்கி விடுகின்றனர். படிப்போ, கல்யாணமோ, தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் எத்தனை பெண்கள் வாழ்க்கையைத் தொலைத்து நிற்கின்றனர்!

அந்த வாய் இல்லாவிட்டால் சாவித்திரி ஏது? பெண்களைப் பேச விடுங்கள் அம்மாக்களே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.