சபையிலும் தொரைத்தனமா?

போன மாதம் ஒரு தோட்டத் தலைவி எங்கள் காரியாலயத்துக்கு வந்து ஒரு கடிதத்தை மேசையில் போட்டார். "தொரை ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியிலதான் நிக்க வைப்பாங்கன்னு நெனச்சேன். நம்ம ஆளு தவிசாளரா இருக்கிற ஆபீஸ்லயும் அதேதானா?" என்று கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

விடயம் பெரிதல்ல. லயத்துக்குப் போகும் பாதையில் வீதி விளக்கு எரிந்து நான்கு மாதமாகிவிட்டது. பெண்கள் விடியலிலும் இருட்டிய பிறகும் அந்த வழியால்தான் நடக்கிறார்கள். தலைவி தமிழில் கடிதம் எழுதிப் பிரதேச சபைக்குக் கொண்டுபோனார். முதல் நாள் உத்தியோகத்தர் இல்லை. இரண்டாம் நாள் உத்தியோகத்தர் இருந்தார், ஆனால் தவிசாளர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். தவிசாளர் கூட்டத்தில் இருந்தார். இரண்டு நாட் பேர் போனது. பிறகு பதில் வந்தது, சிங்களத்தில். கடைக்காரரிடம் கொடுத்து வாசித்தபோது, அது தோட்டக் காணி, நிர்வாகத்திடம் கேளுங்கள் என்று இருந்ததாம். நிர்வாகத்திடம் போனால், அது சபையின் வேலை என்கிறார்கள்.

எந்தச் சபை என்று இங்கு எழுதவில்லை. வாசிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் சபையைத்தான் நினைப்பீர்கள்.

"தோட்டக் காணி" என்ற இந்தப் பதில் எங்களுக்குப் புதிதல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே முப்பது வருடம் ஓட்டினார்கள். பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சபைக்கு வாக்களிக்கலாம். சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு மதகு கட்டக் கேட்டால் மட்டும் சட்டம் குறுக்கே வரும். அதை மாற்றச் சொல்லி மலையகம் கத்திய கத்தலில்தான் 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்துத் தோட்ட மக்களுக்கு அடிப்படை வசதிகளைச் செய்ய இன்று சபைக்கு அதிகாரம் உண்டு. கலந்தாலோசிப்பது வேறு, அனுமதிக்காகக் கைகட்டி நிற்பது வேறு. இதைத் தெரியாத உத்தியோகத்தர் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்தும் பழைய பதிலை அனுப்புகிறவரை என்ன செய்வது? அவரைக் கேள்வி கேட்கத்தானே தவிசாளரைத் தெரிவு செய்தோம்!

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளை ஆறாகப் பிரிக்கக் கேட்டதும் இதற்காகத்தான். அக்கரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகள் கிடைத்தன. சபை பக்கத்தில் வந்தால் அதிகாரமும் பக்கத்தில் வரும் என்று நம்பினோம். கந்தோர் பக்கத்தில் வந்தது உண்மைதான்.

2023 மார்ச் மாதத்தில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6ஆம் திகதிதான் வைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதி இல்லாமல் அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அந்தப் பழக்கம் சில மேசைகளில் இன்னும் போகவில்லை. ஆனால் புதிதாக வந்த தலைமை அதை மாற்றாமல், அந்தக் கதிரையிலேயே வசதியாகச் சாய்ந்து கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோட்டத்தில் தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. சபையில் தவிசாளர், அவருக்குப் பிடித்த இரண்டு உத்தியோகத்தர், வாசலில் ஆள் பார்த்து உள்ளே விடும் ஒரு கையாள். பெயர்தான் வேறு. பெண் உறுப்பினர்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்த பிறகும், அவர்கள் பேச எழும்பினால் சிரிக்கிற ஆண்கள் சபையில் இருக்கிறார்கள்.

உள்ளே வேலை செய்பவர்களின் கதை இதைவிட மோசம். குப்பை வண்டியில் போகிறவர்கள் யார்? பாதிப் பேர் எங்கள் லயத்துப் பிள்ளைகள். நாங்கள் சொல்லும் அதே சபையில், வருடக்கணக்காக நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள் நிரந்தர நியமனம் இல்லாமல் இருக்கிறார்கள். கையுறை கேட்டவருக்கு அடுத்த வாரம் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரின் வீட்டுத் தோட்டத்தைத் துப்புரவு செய்யக் கூப்பிட்டார்கள், போனார்கள். மறுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பங்களா வேலைக்கு ஆள் பிடித்த காலத்தை எங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைச் சபையின் சம்பளப் பணத்தில் நடத்துவார்கள் என்று நினைக்கவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வீதி விளக்கோ, குழாய்த் தண்ணீரோ, நாங்களும் "தலைவரிடம் சொல்லி முடித்துத் தருகிறோம்" என்றுதான் பழக்கியிருக்கிறோம். துண்டு எழுதிக் கொடுத்து ஆட்களை அனுப்பியிருக்கிறோம். துண்டு இருந்தவரின் வேலை நடந்தது, இல்லாதவர் திரும்பி வந்தார். உரிமையைச் சலுகையாக்கியதில் தொழிற்சங்கங்களுக்கும் கை இருக்கிறது. மேடையில் கைதட்டி வாக்குக் கேட்டுக் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

ஆகவே இனி எங்கள் காரியாலயத்தில் சபைக்குத் துண்டு எழுதப்பட மாட்டாது. அதற்குப் பதிலாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கோரிக்கை எழுத உதவுவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் பெறுவது எங்கள் உரிமை, சிங்களத்தில் வரும் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். தலைவிமார் முறை வைத்துப் போய் அமர வேண்டும். எங்கள் சங்கத்தின் ஆதரவில் தெரிவான உறுப்பினர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதியிருக்கிறோம்: நாட்கூலித் தொழிலாளரின் பெயரும் சேவைக்காலமும் அடங்கிய பட்டியல், அவர்களுக்குக் கொடுத்த கையுறை, மழையங்கிகளின் கணக்கு, தோட்டங்களில் இருந்து வந்த மனுக்களும் அவற்றுக்கு என்ன நடந்தது என்பதும். அவர்களின் பதிலை அடுத்த இதழில் பெயர் போட்டுப் பிரசுரிப்போம். பதில் தராதவர்களின் பெயரும் வரும்.

தலைவியின் பாதையில் இன்னும் விளக்கு எரியவில்லை. அவருடைய கோரிக்கை சபையில் கொடுக்கப்பட்டு, பற்றுச்சீட்டு எங்கள் கோவையில் இருக்கிறது.